தாடிக்காரரின் மதிப்பு

உன் கைபேசியின் உறையைக் கழற்றித் துடைக்கலாம் என்று இன்று காலை எடுத்தேன். உள்பக்கத்தில் இன்னும் தலைவலித் தைல வாசனை அடிக்கிறது. தைலம் தடவிய விரலோடு போனைத் தொடாதே என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். துடைக்க மனம் வரவில்லை. அப்படியே மாட்டி சார்ஜில் போட்டேன். திரை எரிந்ததும் நம் மகனுடைய ஃபுட்பால் விளையாட்டுதான் முதலில் வந்து நின்றது. சீசன் முடிந்துவிட்டது. உன் அணி இருந்த இடத்தில் ஒருவர் பெயரும் இல்லை, வெறும் கட்டங்கள். அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்கும் வரை இப்படித்தான் இருக்குமாம்.

நீ போன பிறகு உன் அணிக்கு என்ன ஆனது, நீ பிடிவாதமாக எடுத்து வைத்த அந்தத் தாடிக்காரர் என்ன ஆனார் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஸ்டீபன் அமெரிக்கா போன புதிதில் நமக்கும் அவனுக்கும் பேச என்ன இருந்தது? சாப்பிட்டியா, குளிருதா, பூசைக்குப் போனியா. மூன்றுக்கும் "ம்" என்பான். அதற்கு மேல் நமக்குக் கேட்கத் தெரியாது, அவனுக்குச் சொல்லத் தெரியாது. நாமும் அப்போதுதான் என் மைன்ஸ் வேலை முடிந்து டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பம் வீட்டுக்கு வந்திருந்தோம். பழைய பிளாக்கில் தெருவுக்கே நம்மைத் தெரியும். இங்கே பக்கத்து வீடுகளில் வாடகைக்கு வருகிறவர்கள் நம் பெயரைத் தெரிந்துகொள்வதற்குள் வேறு வேலை கிடைத்துப் போய்விடுகிறார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஆபீஸ் நண்பர்கள் ஆடும் விளையாட்டில் ஓர் ஆள் குறைந்தது. "சும்மா பேருக்கு உங்களைப் போட்டுக்கறேம்மா" என்றான். நீ பேருக்கு இருக்கிறவளா? ஆஸ்பத்திரி வார்டில் சிஸ்டராக இருந்து ரிடையரானவள். அடுத்த ஞாயிறே அவனைப் பிடித்து உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாய்.

அங்கே நிஜமாக அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிற ஆட்டக்காரர்களை இவர்கள் ஆளுக்குச் சிலராகப் பிரித்து எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்தவர் மைதானத்தில் நன்றாக ஆடினால் நமக்குப் புள்ளி. வாரம் ஒருவரோடு மோதல். முட்டை வடிவப் பந்தை எறிகிறவர் கையில்தான் ஆட்டமே இருக்கிறது, அவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். "இப்பதான் குவார்ட்டர்ஸ காலி பண்ணிகினு வந்தோம், அதுக்குள்ள குவார்ட்டர்பேக் வந்துட்டாரு" என்று நீ சொன்னதும் அவன் சிரித்தானே, அப்படி அவன் சிரித்துக் கேட்டு வெகு காலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவனுடைய போன் நீளமாயிற்று.

போன ஆகஸ்டில் ஆள் எடுக்கும் நாள் உனக்கு நினைவிருக்கும். அவனுக்குச் சனிக்கிழமை இரவு, நமக்கு ஞாயிறு விடியற்காலை. பூசைக்குப் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். கடைசிச் சுற்று வந்தது.

"அம்மா, ஓடுற ஆள் யாரையாவது எடுத்துக்கோங்க. அதுலதான் நீங்க வீக்."

"அந்தத் தாடி வச்சவரைப் போடுறேன்."

"யாரு, அவரா? அவரு பேக்கப் குவார்ட்டர்பேக்மா. மெயின் ஆளுக்கு எதுனா ஆனாத்தான் கிரவுண்டுக்குள்ளயே வருவாரு. அதுவரைக்கும் வாராவாரம் ஜீரோ."

"வார்டுல டூட்டி போடும்போது, இவ வரலன்னா யாரு வருவான்னு பாத்துட்டுத்தான் போடுவேன். மெயின் ஆளும் நம்மகிட்டதானே இருக்காரு? அவருக்குத் தோள்பட்டை சரியில்லன்னு நீதான் சொன்ன."

"அது போன வருஷம்மா."

"தோள்பட்டை வருஷம் பாக்காதுடா."

நான் அன்று மகன் பக்கம்தான். நம் அணியின் பெஞ்சில் இருப்பதே சில இடங்கள். ஆடாத ஒருவரை அதில் உட்காரவைத்தால், ஆடுகிற ஒருவரை விட்டுவிடுகிறோம் என்று அர்த்தம். அதுவும் அந்த மனிதர் ஏறக்குறைய ஆண்டுக்கு ஓர் அணி என்று மாறிக்கொண்டே வந்தவர். "அவரு கான்ட்ராக்ட் ஆளு மாதிரி. அவருக்குப் போய் எடம் ஒதுக்கறியே" என்றேன்.

"ஏங்க, பர்மனென்ட் ஆளு லீவு போட்டா கான்ட்ராக்ட் ஆளுதானே மெஷினைப் பாத்துக்கறாரு? மைன்ஸ்ல நீங்க பாக்காததா?" என்றாய்.

அன்றிலிருந்து நமக்குள் மெயின் ஆள் பர்மனென்ட்காரர் ஆனார், இவர் தாடிக்காரர் ஆனார்.

சீசன் தொடங்கிச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. காலைப் பூசைக்குக் கிளம்பி, செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தாய். அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்து உன் இருதயத்தைப் பற்றி ஏதேதோ சொன்னார். நீயாக இருந்தால் அவரிடம் இரண்டு கேள்வி கேட்டிருப்பாய். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

ஸ்டீபன் வந்தான். லீவு முடியும் வரை இருந்தான். நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருப்போம், அவன் போனைப் பார்ப்பான், நான் வாசலைப் பார்ப்பேன். வந்தவர்கள் பேசியதுதான் அந்த வீட்டில் பேச்சு. விமானம் ஏறப் போகும்போது, "மாத்திரை ஒழுங்கா போட்டுக்கோங்கப்பா" என்றான். "ம்" என்றேன்.

போய்ச் சேர்ந்த வாரத்தில் கூப்பிட்டான். "அம்மா டீமை என்னப்பா பண்றது? ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படியே விட்டுடலாம்னு சொல்றாங்க."

"வேணாம். நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"உங்கம்மா பக்கத்துலதானே உக்காந்துகிட்டு இருந்தேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஆட்டத்தை நடத்துவதும் வேறு வேறு என்பது அந்த வாரமே தெரிந்துவிட்டது. ஆட்டமே இல்லாத ஒருவரை இறக்கிவிட்டுத் தோற்றேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. திங்கட்கிழமை காலைகளில் அங்கே ஞாயிறு இரவு ஆட்டம் நடக்கும், போனில் புள்ளிகள் ஏறும். முன்பெல்லாம் நான் அதைச் சத்தமாகப் படிப்பேன், நீ சமையலறையில் இருந்து "யாருக்கு?" என்று கேட்பாய். இப்போதும் சத்தமாகத்தான் படிக்கிறேன். படித்து முடித்ததும் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். முதல் ஷிப்டுக்குப் போகிற பஸ்கள் போய் முடிந்த பிறகு நம் தெருவில் வேறு சத்தம் கிடையாதே.

"தாடிக்காரரை விட்டுருங்கப்பா, வேஸ்ட்" என்று ஸ்டீபன் இரண்டு முறை சொன்னான். விட மனமில்லாமல், அவருக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று உட்கார்ந்து யோசித்தேன். பழைய ஆட்டங்களின் சின்னச் சின்ன வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். கையில் அவ்வளவு பலம் இல்லை, தூரமாக எறிந்தால் பந்து தொங்கிக்கொண்டு போகிறது. ஆனால் எறிய வழி இல்லாதபோது பயப்படாமல் தானே பந்தோடு ஓடுகிறார். ஓடினால் அதற்குத் தனிப் புள்ளி உண்டு. அவர் எறிவதைப் பிடிக்க அந்த அணியில் நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பர்மனென்ட்காரர் சில வாரம் ஆட முடியாமல் போனால், அந்தச் சில வாரத்துக்கு இவர் சுமாரான ஆள். அதற்குமேல் ஒன்றுமில்லை. இதை நான் எந்த ஆசையும் இல்லாமல்தான் மதிப்பிட்டேன்.

அக்டோபர் கடைசியில் பர்மனென்ட்காரர் விழுந்தார். தோள்பட்டை இல்லை, கணுக்கால். நீ சொன்னது பாதிதான் பலித்தது. இரண்டு மூன்று வாரம் ஆடமாட்டார் என்று செய்தி வந்தது. தாடிக்காரர் உள்ளே வந்தார். அன்று மாலையே ஸ்டீபன் கூப்பிட்டான்.

"அப்பா, அந்த ஆளை எனக்குக் குடுக்கறீங்களா?"

"உன்கிட்டதான் நல்ல குவார்ட்டர்பேக் இருக்காரே? அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"அப்புறம் எதுக்கு?"

மாற்றாக யாரைத் தருவான் என்று சொன்னான். அவனிடம் இருந்ததிலேயே பெரிய ஓட்டக்காரர். அந்த லீக்கில் எல்லாரும் கண் வைத்திருந்த ஆள்.

"என்னடா சொல்ற? இவரு மிஞ்சிப்போனா மூணு ஆட்டம் ஆடுவாரு. மெயின் ஆளு கால் சரியாகி வந்துட்டா இவரு திரும்ப பெஞ்சுதான். இவருக்குப் போய் அவ்ளோ பெரிய ஆளையா குடுப்ப? மதிப்பு சரியா வரலையே."

"தெரியும்பா" என்றான்.

அவன் பக்கம் ஏதோ வண்டி போகிற சத்தம் கேட்டது. அவனுக்கு என்ன வேண்டும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ கடைசியாக எடுத்த ஆள். எனக்கும் அதே காரணத்துக்காகத்தான் கொடுக்க மனமில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

கல்லறைத் திருநாள் வந்தது. காலையில் பெய்த மழையில் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. குறிஞ்சிப்பாடியில் இருந்து உன் தங்கை ரீத்தா ஒரு கூடைச் செவ்வந்தியோடு வந்திருந்தாள். சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்றில் அது அணைந்துகொண்டே இருந்தது. ஸ்டீபன் வீடியோவில் வந்தான். கல்லறையைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "யோசிச்சீங்களாப்பா?" என்று கேட்டான்.

"காலு சரியாக இன்னும் ரெண்டு வாரம் ஆகுமாம். அந்த ஆளு வந்துட்டா இவருக்கு வேலை இல்ல, பாத்துக்க" என்றேன்.

ரீத்தா பதறிப்போனாள். "யாரு மாமா அது? மைன்ஸ்ல யாருக்குனா அடி பட்டுச்சா?"

நாங்கள் இருவரும் அந்த இடத்தில் சிரித்துவிட்டோம். அவளுக்கு முழுதும் சொன்னேன். விளையாட்டு அவளுக்குப் புரியவில்லை. யார் யாரிடம் எதைக் கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது.

"அக்கா எடுத்து வச்ச ஆளு, அதத்தானே புள்ள கேக்குது? நீங்க இந்த ஊர்ல இருக்கீங்க. இந்தக் கல்லறைகிட்ட நெனச்சப்ப வந்து நிக்கிறீங்க. அது அங்க என்ன வச்சிகினு இருக்குது? குடுத்துடுங்க மாமா."

கொடுத்துவிட்டேன். பெரிய ஓட்டக்காரர் வேண்டாம் என்றேன். அவன் பெஞ்சில் சும்மா கிடந்த ஒருவரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவரையும் அடுத்த வாரமே விட்டுவிட்டேன்.

ஸ்டீபன் தன்னுடைய நல்ல ஆளை உட்காரவைத்துவிட்டுத் தாடிக்காரரை இறக்கினான். முதல் ஆட்டத்தில், எறிய இடமில்லாமல் போய், அந்த மனிதர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புள்ளி தரும் கோடு வரை தானே ஓடி விழுந்தார். ஆட்டத்தின் நடுவிலேயே ஸ்டீபன் கூப்பிட்டு, "அப்பா, பாத்தீங்களா?" என்றான். அவன் குரல் உன் குரல் மாதிரி இருந்தது. ஆட்டம் முடியும் வரை போனை வைக்கவில்லை. அவ்வளவாக ஒன்றும் பேசவும் இல்லை.

அடுத்த ஆட்டத்தில் தாடிக்காரர் பந்தை எதிரணியின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார், ஒரு முறை இல்லை, பல முறை. ஸ்டீபன் அந்த வாரம் தோற்றான். அந்தத் தோல்வியால் கடைசிச் சுற்றுக்குப் போகிற வாய்ப்பும் கைவிட்டுப் போயிற்று. பர்மனென்ட்காரர் திரும்பி வந்தார். தாடிக்காரர் பெஞ்சுக்குப் போனார்.

வேறு யாராக இருந்தாலும் அன்றே அவரை விட்டிருப்பார்கள். சீசன் முடியும் வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் நம் மகனுடைய அணியைத் திறந்து பார்ப்பேன். கடைசி வரியில் தாடிக்காரர் இருப்பார், பக்கத்தில் பூஜ்யம் இருக்கும். ஏன் வைத்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. போன் மறுபடியும் குறுகத் தொடங்கியது. கிறிஸ்துமசுக்கு லீவு இல்லை என்றான். ரீத்தா பலகாரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஸ்டார் கட்ட ஏணியில் ஏறினேன், கீழே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று இறங்கிவிட்டேன்.

போன வாரம் அவனாகவே கூப்பிட்டான். விளையாட்டு எல்லாம் முடிந்த பிறகு வந்த முதல் போன். ஏதேதோ பேசிவிட்டுக் கேட்டான்.

"அப்பா, அம்மா அவரை ஏன் எடுத்தாங்க? நெஜமாவே தோள்பட்டைக்காகவா?"

"மாத்திவிட ரிலீவர் இல்லாம உங்கம்மா எந்த ஷிப்டையும் விட்டதில்லையேடா" என்றேன்.

"ஆமா" என்று சிரித்தான். வைத்துவிட்டான்.

ஆள் எடுப்பதற்கு முந்தைய நாள் சாயந்திரம் நீ எனக்குக் காட்டிய வீடியோவைப் பற்றி நான் அவனிடம் சொல்லவில்லை. ஏதோ பயிற்சி ஆட்டம். ஜெயித்து முடித்து, எல்லாரும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் பெஞ்சின் கோடியில் தாடி வைத்த ஒருவர் குனிந்து ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கம் ஒருவரும் வரவில்லை. நீ அதைத் திரும்ப ஓடவிட்டாய்.

"பாருங்க, எல்லாரும் அங்க கும்பலா நிக்கிறாங்க. இவரு மட்டும் தனியா உக்காந்துகினு இருக்காரு. நம்ம புள்ளையும் அந்த ஊர்ல இப்படித்தான் உக்காந்துகினு இருக்கும்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாய். மறுநாள் அவனிடம் டூட்டி, தோள்பட்டை என்று காரணம் சொன்னாய்.

இதைப் போனில் சொன்னால் அவன் கேட்டுவிட்டு, அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். ஜூனில் வருகிறேன் என்கிறான். வந்தால், ரீத்தா கூட இல்லாத ஒரு பொழுதாகப் பார்த்து, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சொல்வேன். அதுவரை இதை நான் வைத்திருக்கிறேன்.