முழுக்கைச் சட்டை

ஜூலை 30, செவ்வாய்

இன்றும் முழுக்கைச் சட்டை. காக்கா கூட வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வெயில்.

ஜெயில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகன் ஜக்தார், இந்தப் பக்கம் நான், பேச ஒரு ஃபோன். "கையை மடிச்சு விடேன்டா, வேர்த்து ஊத்துது" என்றேன். "கொசு கடிக்குதும்மா" என்றான். பகல் பதினோரு மணிக்குக் கொசு! இருபத்தெட்டு வயதாகிறது, பொய் கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

போதைப் பொடி வைத்திருந்த கேஸில் உள்ளே போய் ஒரு வருஷம். விட்டுவிட்டேன் என்கிறான். விட்டவன் கையை எதற்கு மறைக்கிறான்? உள்ளேயும் ஊசி போட்டுக்கொள்கிறானா? இது ஒன்று தெரிந்தால் போதும் எனக்கு.

எனக்குப் பின்னால் நின்ற ஷிந்தரின் மகன் அரைக்கைச் சட்டையில் வந்தான். மொழுமொழுவென்று கை. கொலைக் கேஸ். கொலைகாரனைப் பெற்றவளைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது! நாற்பது பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஜெயில் வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அண்ணன் தம்பிக்குக் கயிறு கட்டுகிற ராக்கி அன்று அக்கா தங்கைகளை உள்ளே விடுவார்களாம். கண்ணாடி கிடையாது. எதிரில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, கட்டிவிட்டு வரலாம்.

"அப்போ அம்மாவுக்கு?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குன்னு ஒரு பண்டிகை வந்தா சொல்லி அனுப்புறோம் மாதாஜி" என்றான் காவல்காரன். வரிசையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

ஷிந்தர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒனக்காச்சும் பொண்ணு இருக்கா டீச்சரம்மா. என் தடியனுக்கு யாரு?" என்றாள். முதல் தடவையாக அவளைவிட நான் ஒரு படி மேலே. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தச் சந்தோஷம்தான். வீட்டுப் பூட்டைத் திறக்கும்போதுதான் உறைத்தது. தொடப்போவது நானில்லை, என் பெண் கிரண்.

ஆகஸ்ட் 8

லூதியானாவுக்கு ஃபோன் போட்டேன். கிரண் கத்தினாள். "என் கல்யாண வளையலைத் திருடி வித்த கையில நான் ராக்கி கட்டணுமா? உனக்கு வெக்கமா இல்ல?" வைத்துவிட்டாள்.

வருஷத்தில் ஒரு நாள் கூட அவனைப் பார்க்க வராதவள். வாரம் தவறாமல் பார்க்க மனுப் போட்டு நிற்கிறவள் நான். ஆனால் கதவு அவளுக்குத்தான் திறக்குமாம். இது என்ன நியாயம்?

ஆகஸ்ட் 9

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 12

எடுத்தாள். அவள் பேசுவதற்கு முன் கடகடவென்று சொல்லிவிட்டேன். "நீ அவனை மன்னிக்க வேணாம். பேசக்கூட வேணாம். அந்தச் சட்டைக்குள்ள கை எப்படி இருக்குன்னு மட்டும் பார்த்துட்டு வந்து சொல்லு."

"வர்றேன்" என்றாள்.

ஆகஸ்ட் 17

கிரண் காலையிலேயே வந்துவிட்டாள். நாலு கடை ஏறி இறங்கி, பட்டையான ராக்கியாகப் பார்த்து வாங்கினேன். மணிக்கட்டில் கட்டாதே, முழங்கைப் பக்கம் தள்ளிக் கட்டு, அப்போதுதான் சட்டையை மேலே ஏற்றியாக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். "திட்டம் போடுறதுல நீ அவனுக்கு அம்மாதான்" என்றாள்.

அவள் புது சல்வார் எடுத்து வைத்திருக்கிறாள். அதைக்கூடப் பார்க்கப் பொறுக்கவில்லை எனக்கு. இவளும் நான் பெற்றதுதானே?

ஆகஸ்ட் 19, திங்கள் — ராக்கி

வாசலில் எத்தனை பெண்கள்! மருதாணியும் சரிகைத் துப்பட்டாவுமாக, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஒவ்வொருத்தியும் உள்ளே போகப் போக, பிடித்து வெளியே இழுக்கலாமா என்றிருந்தது.

கிரண் வர ஒரு மணி நேரம் ஆனது. நான் ஒன்றும் கேட்கவில்லை. ஓடிப்போய் அவள் வலது கையைப் பிடித்து என் கன்னத்தில் அழுத்திக்கொண்டேன். வேர்வையும் லட்டு வாசனையும் இருந்தது. அவன் வாசனை இல்லை. இருந்தாலும் விடவில்லை.

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மெதுவாகக் கேட்டாள். "என் கையை இப்படிப் புடிச்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமாம்மா? இப்பவும் எனக்காகப் புடிக்கல, இல்ல?"

பிடித்த கையை இன்னும் இறுக்கினேன்.

"சின்ன வயசுலேர்ந்து அவன்மேல எனக்குப் பொறாமை. அவன் ஜெயிலுக்குப் போயும் தீரல, பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். கண் நிறைந்திருந்தது.

பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். நான் சொன்ன தந்திரத்துக்கு வேலையே வரவில்லை. ராக்கி கட்டியதும் அண்ணன் தங்கைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே. பையைத் தடவிப் பார்த்திருக்கிறான். "ஒண்ணுமில்ல கிரண். இந்தா, இதை வெச்சுக்கோ. வேற யாருக்கும் காட்டினதில்ல" என்று தானாகவே சட்டையை ஏற்றியிருக்கிறான்.

"பழசு நிறைய. புதுசும் இருக்கும்மா. மூணு."

உட்கார்ந்துவிட்டேன். தெரிந்ததுதான்.

ஜெயில் ஆஸ்பத்திரியில் ஊசியை மறக்க மாத்திரை கொடுக்கிறார்களாம். பெயர் கொடுக்கப் பயந்துகொண்டு இருந்தானாம். கிரண் கூடவே நின்று எழுத வைத்துவிட்டு வந்திருக்கிறாள். "அம்மாகிட்ட சொல்லாதே, பாவம்"னானாம்.

பாவமாம்! ஒரு வருஷமாக வெயிலில் நின்றவளிடம் கொசு. ஒரு நாள் வந்தவளிடம் நிஜம்.

ஆகஸ்ட் 20

மனுப் பார்க்கப் போகவில்லை. போனால் கேட்டுவிடுவேன், ஏன்டா என்கிட்ட சொல்லலை என்று. நாள் முழுக்க அவள் கேட்டதுதான் காதில். கிரண் கையைக் கடைசியாக எப்போது பிடித்தேன்? அவள் கல்யாணத்திலா? அன்றும் ஜக்தார் எங்கே போய் விழுந்து கிடக்கிறானோ என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் விடுவார்கள். மனுவில் கிரண் பெயரை எழுதினேன். எழுத மனசே வரவில்லை, பொய் சொல்வானேன். காவல்காரன், "என்ன மாதாஜி, இன்னிக்கு லீவா?" என்றான்.

வேப்பமர நிழலில் டப்பாவோடு காத்திருந்தேன். முள்ளங்கி பரோட்டா, கிரணுக்குப் பிடிக்கும். காலையில் மாவு பிசையும்போதுதான் நினைவு வந்தது.

அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"அவன் எப்படி இருக்கான்னு கேக்க மாட்டியா?"

"கேக்கறேன். நீ முதல்ல சாப்பிடு."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். இரண்டாவதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். நான் கேள்வியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கை கழுவிக்கொண்டே சொன்னாள். "சட்டையை மடிச்சு விட்டிருந்தாம்மா."