கரையான் தின்னாத புத்தகங்கள்

தானா ராத்தா,
16 நவம்பர் 2025

அன்பு மகள் வசுமதிக்கு,

இங்கு அம்மா நலம். நான் நலமா என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு நீயே முடிவு செய்துகொள்.

கைப்பேசியில் எழுதியிருக்கலாம். அதில் அனுப்பியதைப் பிறகு அழித்துவிடும் வசதி இருக்கிறது. என்னைப் போன்ற ஆளுக்கு அந்த வசதி நல்லதில்லை என்பதால் தாளில் எழுதுகிறேன். நேற்று தபால்தலை வாங்கப் போனபோது, அஞ்சலகத்தில் இருந்த பெண் வீட்டில் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாள். இப்போதெல்லாம் அதற்கு மட்டும்தான் தபால்தலை போலிருக்கிறது.

மழை விடவில்லை. கோலா தெர்லா பாதையில் மண் சரிந்து காய்கறி லாரிகள் அரை நாள் நின்றன. அம்மாவின் முட்டிவலி குறைந்திருக்கிறது. ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னால், அந்த டாக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், அவனை நம்பிக் காலை நீட்ட முடியாது என்கிறாள்.

பக்கத்து வீட்டு காளிமுத்துவின் மகன் ஷர்வினுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீ வரலாறு எடுத்த அதே ஆண்டில் அவன் சரக்குப் போக்குவரத்து மேலாண்மை எடுத்தான். உன்னைத் திட்டும்போதெல்லாம் அவனைத்தான் நான் உதாரணம் காட்டினேன். இப்போது கியா பார்மில் ஸ்ட்ராபெரி வேன் ஓட்டுகிறான். சரக்கும் இருக்கிறது, போக்குவரத்தும் இருக்கிறது. மேலாண்மை மட்டும் வேனின் சொந்தக்காரரிடம் இருக்கிறது. நல்ல பையன், தினமும் உன்னை விசாரிக்கிறான்.

உனக்கு மஞ்சள் தாள் நினைவிருக்கும். வரலாறு படித்தவர்கள் செய்யக்கூடிய வேலைகள் என்று உன் பல்கலைக்கழகத்தில் அச்சடித்துக் கொடுத்தது. நீ அதை மேசையில் பெருமையாக விரித்து வைத்தாய். நான் தேயிலைத் தோட்ட அலுவலகத்துச் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தேன். அருங்காட்சியக அதிகாரி: இருக்கிற அதிகாரிக்கு முப்பத்திரண்டு வயது, ஆரோக்கியமாக இருக்கிறார். தூதரகப் பணி: லிப்டில் தனியாக ஏறப் பயப்படுகிற பெண்ணுக்கு எதற்கு. பத்திரிகையாளர்: பத்திரிகை இருந்தால்தானே. ஆசிரியர்: சரவாக்கில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் போடுவார்கள், அம்மா அழுவாள். ஆவணக் காப்பாளர் என்று கடைசியில் ஒன்று இருந்தது. அதை இரண்டு கோடு போட்டு அடித்தேன். பழைய காகிதத்தைக் காப்பாற்றுகிற வேலையைத்தான் நான் பள்ளிக்கூட எஸ்.பி.எம். தேர்வோடு வந்து முப்பத்தாறு வருடமாகச் செய்கிறேன், அதற்கு எதற்குப் பட்டம் என்று கேட்டேன்.

அம்மா சிரித்தாள். நீ சிரிக்கவில்லை. தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

போன வாரம் நீ அனுப்பிய செய்திக்கு ஆறு நாளாகப் பதில் போடாமல் இருக்கிறேன். சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். நீ கேட்டது இதுதான்: ‘அப்பா, வடிவம்மா கேசுக்கு ஆயாக்கொட்டகை புக்கு வேணும். 1959. கரையான் தின்ன மிச்சம் ஸ்டோர்ல ஏதாச்சும் கெடக்கா பாருங்க. அரைப் பக்கம் இருந்தாலும் போதும்பா.’

வடிவம்மாளின் வழக்கு உனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதிப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கிறது. நாடு விடுதலையாகி மெர்டேக்கா வந்ததற்கு இரண்டு வருடம் கழித்து நம் தோட்டத்தில் மூன்றாம் டிவிஷன் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அந்த வருடங்களில் இந்த மண்ணில் பிறந்திருந்தாலே குடியுரிமை உண்டு. ஆனால் பிறந்ததைப் பதிய யாரும் கீழே டவுனுக்கு இறங்கவில்லை. அதனால் இந்த மலையைவிட்டு வெளியே போயறியாதவள் அறுபத்தாறு வயதிலும் வெளிநாட்டுக்காரியாகச் சிவப்பு ஐசி என்ற அடையாள அட்டையை வைத்திருக்கிறாள். அவள் மகள் நீலா சிங்கப்பூரில் பிள்ளை பெற்று நான்கு வருடம் ஆகிறது. பாட்டிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. பேத்தியைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

அவள் இங்கே பிறந்தாள் என்று சொல்லும் ஒரே எழுத்து ஆயாக்கொட்டகைப் புத்தகத்தில்தான் இருந்தது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகை. எந்தப் பிள்ளை, யாருக்கு, என்றைக்குப் பிறந்தது என்று அந்தக் காலத்தில் என் நாற்காலியில் கணக்குப் பார்த்த கிராணி அதில் எழுதி வைத்தார். பிள்ளைக்குப் பால் மாவு கணக்காக வரவேண்டும் என்பதற்காக எழுதியதுதான். குடியுரிமை பற்றி அவருக்கு எண்ணம் எதுவும் இருந்திருக்காது.

வசுமதி, அந்தப் புத்தகங்களைக் கரையான் தின்னவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், நீ கடைசி வருடம் படிக்கும்போது, தோட்ட அலுவலகம் முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாறியது. ஸ்டோரில் இருந்த பழைய புத்தகங்களை என்ன செய்யலாம் என்று கேட்டேன். மேனேஜர், ‘ஒங்க இஷ்டம் அங்கிள், வச்சாலும் சரி, தூக்கிப் போட்டாலும் சரி’ என்றார். அதே வாரம்தான் நீ போன் செய்து, உன் ஆய்வேடு தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி, விடுமுறைக்கு வந்து எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை யாரையும் தொடவிடாதீர்கள் என்று சொன்னாய்.

அப்போது அலுவலகத்தில் துணைக் கிராணி வேலை ஒன்று காலியாக இருந்தது. உனக்காக மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆய்வேட்டுக்கு வழி இல்லாமல் போனால் நீ சலித்துப்போய் கணக்கியல் டிப்ளமோவுக்கு மாறுவாய், வீட்டோடு இருப்பாய் என்று கணக்குப் போட்டேன். நீ வருவதற்கு நான்கு நாள் முன்பு, கோலா தெர்லாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் பழனியப்பனின் லாரியில் நாற்பத்தொரு புத்தகங்களையும் ஏற்றிவிட்டேன். செவ்வந்திக் கட்டுகளைச் சுற்றக் காகிதம் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீ வந்து கேட்டபோது கரையான் என்றேன். நீ ஸ்டோரின் தரையில் உட்கார்ந்து அழுதாய். பிறகு என்னிடம் வந்து, விடுங்கப்பா, ஒங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும், வருஷக்கணக்கா எழுதின புக்கு என்று எனக்கு ஆறுதல் சொன்னாய். ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று சொல்லித்தரும் படிப்பைப் படித்தவள், இந்தக் குளிரில் ஸ்டோருக்குள் கரையான் எப்படி வந்தது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பாய் என்று மூன்று நாள் பயந்துகொண்டிருந்தேன்.

நீ கணக்கியலுக்கு மாறவில்லை. பழைய ரயில் பாதைகளைப் பற்றி எதையோ எழுதிக் கொடுத்தாய். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்தாய். பிறகு பிரிக்பீல்ட்சில் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், காகிதம் இல்லாதவர்களுக்குக் காகிதம் தேடிக் கொடுக்கிற அந்தச் சின்ன அலுவலகத்தில் சேர்ந்தாய். நான் இங்கே எல்லாரிடமும் மகள் வக்கீல் ஆபீசில் இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு தனியாகச் சொல்ல நேர வேண்டாம்.

உன் செய்தி வந்த மறுநாள் மோட்டாரை எடுத்துக்கொண்டு பழனியப்பனிடம் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘கிராணியாரே, மூணு வருசத்துப் பேப்பர இப்ப வந்து கேக்குறீங்களே. அதெல்லாம் அந்தத் தீவாளிக்கே பூவோட சிங்கப்பூர் போயிருச்சு lah’ என்றார். மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். வடிவம்மாளை விடாத சிங்கப்பூர்ப் பாலத்தில், அவள் பிறப்பை எழுதிய பக்கம் செவ்வந்தியோடு போனபோது யாரும் தடுக்கவில்லை. நீலாவின் வீட்டுப் பக்கத்துக் கடையில்கூட யாராவது அதைப் பிரித்துக் குப்பையில் போட்டிருக்கலாம்.

இன்னொன்றும் செய்தேன். வீட்டில் எழுதாத பழைய புத்தகம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதே கம்பெனி அச்சு, அதே பழுப்புத் தாள். மைப் பேனாவை எடுத்து அந்தக் காலத்துக் கிராணியின் சாய்ந்த எழுத்தில் வடிவம்மாளின் பிறப்பை நான்கு வரி எழுதினேன். தேயிலைச் சாயத்தையும் லேசாகத் தடவினேன். நன்றாகவே வந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். ‘என்ன, இந்த வயசுல பரீட்ச எழுதி பாஸ் பண்ணப் போறீங்களா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். இந்த ஒரு பக்கம் பொய் என்று தெரிந்தால் நீ இதுவரை கொண்டுபோய்க் கொடுத்த அத்தனை பேருடைய பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. கிழித்து அடுப்பில் போட்டேன்.

நேற்று மத்தியானம் வடிவம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் எடுத்துக்கொண்டிருந்தாள். எழுந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டு, வாங்க கிராணி என்றாள். நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. அவளுக்கு நான் இன்னும் கிராணிதான்.

எல்லாவற்றையும் சொன்னேன். இங்கே எழுதியிருப்பதைவிடச் சுருக்கமாகச் சொன்னேன், ஆனால் எதையும் விடவில்லை. அவள் பீன்ஸைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் வசதியாக இருந்திருக்கும். கடைசியில் அவள் கேட்டது ஒன்றுதான்: ‘பாப்பாவுக்குத் தெரியுமா?’

தெரியாது என்றேன்.

‘அப்ப சொல்லாதீங்க கிராணி. கரையான்னே இருக்கட்டும். பாவம் அது, அப்பான்னா உசுரு. எனக்கு இல்லாட்டிப் போவுது. இத்தன வருசம் செவப்பு ஐசியில வாழலையா’ என்றாள். பிறகு தேநீர் ஊற்றி வந்தாள். குடித்தேன். தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்புவாய், ஆனால் இறங்கியது. இரண்டு பிஸ்கட்டும் தின்றேன். அதுதான் என்னை ராத்திரி முழுக்கப் படுத்தியது.

எனவே அவள் சொல்லை மீறி இதை எழுதுகிறேன்.

இனி வழக்கு. விசாரணை டிசம்பர் 4ஆம் தேதி என்று எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை நான் ஒரு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் வடிவம்மாள் அலுவலகத்துக்கு வந்து, இங்கே பிறந்தவள் என்று ஒரு கடிதம் கேட்டாள். பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். செல்லம்மாவுக்குப் பெண் பிள்ளை, மூன்றாம் டிவிஷன், வருடம் 1959, மாதம் மார்ச். தேதி நினைவில்லை, நினைவில்லாததை இருப்பதாகச் சொல்லமாட்டேன். அன்றைக்குச் சம்பள நாள், அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே. பிறகு அவள் வரவில்லை.

இதையெல்லாம் சத்தியப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். புத்தகங்கள் எங்கே என்று கேட்பார்கள். மேனேஜர் மேல் போடமாட்டேன். நான் கொடுத்தேன், தெரிந்தே கொடுத்தேன், மகள் கேட்டும் கொடுத்தேன் என்று சொல்வேன். மலாயில் எப்படி எழுத வேண்டும் என்று நீ சொல்லிக் கொடு. நான் எழுதினால் தோட்டத்துக் கடிதம் மாதிரி, அன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன் என்று ஆரம்பித்துவிடும். ஒரு மனிதனின் ஞாபகம் போதுமா, அதற்குத் துணையாக வேறு யாரைத் தேட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. அது உன் தொழில். அவள் பிறந்த காலத்தில் ஆயாக்கொட்டகையில் இருந்தவர்களில் உயிரோடு இருக்கிற மூன்று பேர் பெயர் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒருவருக்குக் காது கேட்காது, ஆனால் ஞாபகம் இருக்கிறது.

இதனால் அவளுக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைக்குமா என்று நீ உறுதி சொல்ல வேண்டாம். கிடைக்காமல் போனால் அதற்குக் காரணம் யார் என்று எனக்குத் தெரியும். அதை நீ எங்கேயாவது எழுதி வைக்க வேண்டியிருந்தால் என் பெயரைப் போட்டே எழுது.

வடிவம்மாளை விசாரணைக்கு அழைத்துப்போக மூன்றாம் தேதி நீ வருவாய் என்று நினைக்கிறேன். அம்மா உன் அறையிலிருந்து வெங்காய மூட்டையை எடுத்துவிட்டாள். பஸ் நிலையத்தில் நான் நிற்பேன். பார்க்க விருப்பமில்லையென்றால் நேராக வடிவம்மாள் வீட்டுக்குப் போய்விடு, நான் பின்னால் வரமாட்டேன். வந்து பேசினால், வழக்கைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும், மகளே. அதற்கு மேல் கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும். எடுத்த காரியம் ஜெயிக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
தனராஜ்