எடை அறைக் கதவு

தியாகதுருகம்,
29-8-1987

பெருமதிப்பிற்குரிய முகாம் மேலாளர் திருமதி நிர்மலா அவர்களின் திருமுன்,

வணக்கம். தாங்கள் பெங்களூரிலிருந்து எழுதிய கடிதம் கிடைத்து இரண்டு வாரங்கள் கடந்த பின்னரே இம்மடலை வரைகிறேன். காலதாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். இங்கே நிலக்கடலை பிடுங்கும் வேளை. ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கும் ஆட்களும் இட ஒதுக்கீட்டுக் கூட்டம் என்று கிளம்பிவிடுகிறார்கள். என் வீட்டுக்காரரே கடலைக் கொல்லையில் நிற்பதைவிடக் கூட்டத்தில் நிற்பதுதான் அதிகம். இவற்றுக்கிடையே கல்வராயன் மலைக்கும் ஒரு முறை ஏறி இறங்கினேன்.

பாப்பாத்தியைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளிமலைக்கு அப்பால் குடியிருக்கும் வேடியப்பனின் மகள். சென்ற தை மாதம் கள்ளக்குறிச்சிக் கபடிப் போட்டியில் ஒரே மூச்சில் பாடிப் போய் மூவரைத் தொட்டுத் திரும்பிய பதினேழு வயதுப் பெண். தேசியக் கபடி முகாமுக்கு நம் மலையிலிருந்து செல்லும் முதல் பெண் அவள். வருகிற புதன்கிழமை இரயில் ஏறுகிறாள்.

அவளை அனுப்பத் தந்தைக்கு மனமில்லை. ஆகவே நம் குழுவின் விதிகளை அவருக்கு வரி வரியாகப் படித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, நூலகத்தையும் அகராதியையும் ஆசிரியராகக் கொண்டவள் நான் என்பது தாங்கள் அறிந்ததே. கபடிக் கூட்டமைப்பு ‘வீராங்கனையர் பாதுகாப்புக் குழு’ அமைத்து என்னைத் தலைவியாக்கியபோது சென்னையில் வாய்விட்டுச் சிரித்தார்கள். விதிகளை நான் எழுந்து நின்று படித்து முடித்தபோது சிரிப்பு அடங்கியிருந்தது. பயிற்சியாளரின் அறைக்கு எந்தப் பெண்ணும் தனியே செல்லலாகாது. எடை பார்ப்பது முகாமில் சேரும்போது ஒரு முறை, போட்டிக்கு முன் ஒரு முறை மட்டுமே. அப்போது பெண் ஒருவர் அருகில் நிற்க வேண்டும். எடை அறை என்பது பல ஊர்களில் எதற்கெல்லாம் பயன்பட்டது என்பதைத் தாங்களும் நானும் அறிவோம்.

வேடியப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏம்மா, எம் பொண்ணு இன்னா புளி மூட்டையா, நிறுத்துப் பாக்க?” என்றார். பெண்கள் அணிக்கு எடை வரம்பு உண்டு, அவர் மகளோ அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறாள் என்று விளக்கினேன். “அப்போ நிறுக்கவே வாணாமே” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, “கிட்ட யாரு நிப்பா?” என்று கேட்டார். தங்கள் பெயரைச் சொன்னேன்.

முகாம் மேலாளர் பதவிக்குத் தங்கள் பெயரை நான் ஏன் முன்மொழிந்தேன் என்று இதுவரை சொன்னதில்லை. நாம் ஒரே அணியில் ஆடிய நாட்களிலேயே, எதிரணிப் பெண் பாடி வரும்போது அவள் மூச்சு எந்த இடத்தில் உடையும் என்பதைக் காதாலேயே கண்டுகொண்டு காலைப் பிடிப்பவர் தாங்கள். அந்தக் காது பாப்பாத்தியின் அருகில் இருக்கட்டும்.

இங்ஙனம்,
அம்சவள்ளி,
தலைவி, வீராங்கனையர் பாதுகாப்புக் குழு

---

பெங்களூர்,
9-9-1987

அன்புள்ள அக்காவுக்கு நிர்மலா எழுதுவது.

இங்கே குளிரைத் தவிர வேறு குறை இல்லை. அங்கே மாமாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இது என்னக்கா, எனக்குப் போய்த் ‘திருமுன்’ போட்டு எழுதுகிறீர்கள்? கலெக்டருக்குப் போக வேண்டியது தவறி வந்துவிட்டதோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உளுந்தூர்பேட்டைப் போட்டியில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, “காலைப் புடிடீ கழுத, வேடிக்கை பாத்துகினு நிக்கிற!” என்று என்னைத் திட்டியது யாராம்?

பாப்பாத்தி பத்திரமாக வந்து சேர்ந்தாள். இரயிலை விட்டு இறங்கும்போது மூன்றாம் நாள் சோறு போல முகம் வாடியிருந்தது. இங்கே ராகிக் களி போடுவார்கள் என்று தெரிந்ததும்தான் மலர்ந்தாள். “நம்மூரு களிய இங்க இன்னாத்துக்குக் காசு குடுத்து வாங்குறாங்க?” என்று சமையல்காரரையே கேட்டுவிட்டாள். கடைவீதியில் நான் சிவப்பு வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கினேன். அதைப் பார்த்துவிட்டு, “நிம்மியக்கா காலு சினிமாக்காரி காலு மாதிரி கீது” என்று முகாம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

பயிற்சியாளர் தீனதயாளன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டிப்பானவர்தான், ஆனால் பிள்ளைகள் மேல் அக்கறை. என் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி அவரே மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் இல்லாமல் போயிருந்தால் வருகிற மார்ச்சோடு நான் எலவனாசூர்கோட்டைக்கே திரும்பி, அண்ணன் வீட்டு அடுப்படியில் நிற்க வேண்டியதுதான்.

அவருடைய அக்கறைக்கு ஒன்று சொல்கிறேன். பாப்பாத்திக்குப் புதுச் சாப்பாடு, உடம்பு கூடிவிடக் கூடாது என்று தினமும் காலையில் அவரே எடை பார்க்கிறார். உங்கள் விதிப்படி நானும் கூடப் போனேன். “மேடம், ரூம்பு சின்னது. ரெண்டு பேரு உள்ள நின்னா முள்ளு ஆடுது. நீங்க வெளிய நில்லுங்க” என்றார். அதனால் கதவுக்கு வெளியே நிற்கிறேன். ஒரு நாளும் நான் தவறியதில்லை.

நாலு நாளாகப் பாப்பாத்தி பேச்சைக் குறைத்துவிட்டாள். வீட்டு ஞாபகம் போலிருக்கிறது. வேடியப்பன் அண்ணனை இரண்டு வரி யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை,
நிர்மலா

---

தியாகதுருகம்,
17-9-1987

நிர்மலா,

உன் கடிதம் இன்று காலை கிடைத்தது. படித்த கையோடு எழுதுகிறேன். ‘தாங்கள்’ போட நேரமில்லை.

பாப்பாத்தியை ஏன் தினமும் எடை பார்க்கிறார்கள்? வரம்பை நெருங்கி நிற்கும் பெண்ணாக இருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். இவள் மூன்று வேளையும் உட்கார்ந்து தின்றாலும் வரம்பைத் தொட மாட்டாள். மற்றப் பெண்களையும் அப்படித் தினமும் பார்க்கிறார்களா? நீ எழுதவில்லை. எழுதாததால் இல்லை என்று கொள்கிறேன்.

ஒருவர் தராசின் மேல் நிற்கும்போது மற்றொருவர் தரையில் நின்றால் முள் எப்படி ஆடும்? ரேஷன் கடையில் வரிசையே தராசைச் சுற்றித்தான் நிற்கிறது. அந்த வார்த்தையை நீ எப்படி நம்பினாய்?

நாளைக் காலை முதல் நீ உள்ளே நிற்க வேண்டும். கதவு திறந்திருக்க வேண்டும். தலைவி என்ற முறையில் இது ஆணை. அக்கா என்ற முறையில் கெஞ்சல். அவர் மறுத்தால் பாப்பாத்தியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அன்றைக்கே இரயில் ஏறிவிடு. உன் வேலைக்கு என்ன ஆகும் என்பதைப் பிறகு நானும் நீயுமாகப் பார்த்துக்கொள்வோம்.

(18-9) இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்கப் போனேன். தபால் பை கிளம்பவில்லை. இட ஒதுக்கீட்டு மறியல் தொடங்கிவிட்டது. சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். தொலைபேசிக் கம்பியும் அறுந்து கிடக்கிறது. மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம், ஒரு சைக்கிளையாவது விடுங்கள், அவசரக் கடிதம் என்றேன். “மந்திரிக்குப் போற கடுதாசியே நிக்குது, ஒன்னோடது நிக்காதாக்கா?” என்று சிரித்தார்கள். அவர்கள் கேட்கும் ஒதுக்கீடு நியாயமானதுதான். நான் கேட்டதும் நியாயமானதுதான். இரண்டும் ஒரே சாலையில் எதிரெதிரே நின்றுவிட்டன.

(20-9) இன்றும் பை போகவில்லை. சுட்டுவிட்டார்கள், குடிசைகளைக் கொளுத்திவிட்டார்கள் என்று வடக்கேயிருந்து பேச்சு வந்துகொண்டிருக்கிறது. எது மெய், எது புரளி என்று தெரியவில்லை. கோடரியோடு வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர், “ஊரே ரோட்டுல கெடக்குது, நீ லெட்டரையே பாத்துகினு ஒக்காந்துகினு கீற” என்றார். ஒரு பெண்ணைத் தவறான கையில் கொடுத்துவிட்டேனோ என்று அஞ்சுகிறேன் என்றேன். அவர் கோடரியைச் சாய்த்து வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

(24-9) மரங்களை அப்புறப்படுத்துகிறார்கள். பை இன்று போகும் என்கிறார் போஸ்ட் மாஸ்டர். இது உன் கையை அடையும் முன்பே நீயாகவே உள்ளே போய் நின்றிருப்பாய் என்று எண்ணிக்கொள்கிறேன்.

அம்சவள்ளி

---

பெங்களூர்,
1-10-1987

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் 28ஆம் தேதிதான் கிடைத்தது. அதற்குள் இங்கே நிலைமை வேறாகிவிட்டது.

பாப்பாத்தி 21ஆம் தேதி அனுமதி பெறாமல் முகாமை விட்டுப் போய்விட்டாள். இரயில் நிலையம் வரை ஆள் அனுப்பித் தேடினோம். மலைப் பெண்களுக்குக் கட்டுப்பாடு ஒத்துவராது என்று சார் சொல்கிறார். கூட்டமைப்பு அவள் பெயரை நீக்கிவிட்டது. அவள் இடத்துக்கு எங்கள் ஊர்ப் பெண் ஆயம்மாளை அழைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அது மகிழ்ச்சியாக இருக்கும்.

உங்கள் கடிதம் அலுவலக முகவரிக்கு வந்ததால் சாரும் பார்த்தார். இனிமேல் குழு விஷயங்களைக் கூட்டமைப்பு வழியாக எழுதச் சொல்கிறார்.

என் வேலை நிரந்தரமாகி உத்தரவு வந்துவிட்டது. எனக்கு எதுவும் தெரியாது அக்கா. நான் வெளியேதான் நின்றேன்.

நிர்மலா

---

தியாகதுருகம்,
12-10-1987

பெருமதிப்பிற்குரிய முகாம் மேலாளர் திருமதி நிர்மலா அவர்களின் திருமுன்,

வணக்கம். தங்கள் கடிதத்துக்கு உடனே மறுமொழி வரையாமைக்கு மன்னிக்க வேண்டும். பாப்பாத்தி வாய் திறக்கும் வரை காத்திருந்தேன்.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்று தாங்கள் கேட்கவில்லை. ஆயினும் தெரிவிக்கிறேன். இருக்கிறாள். ஆத்தூரோடு இரயில் நின்றுவிட, தண்டவாளத்தை ஒட்டிச் சின்னசேலம் வரை நடந்திருக்கிறாள். அங்கிருந்து வடக்கனந்தல் வழியாக மலை ஏறியிருக்கிறாள். வழியில் மரத்தை வெட்டிப் போட்டு அரிவாளும் கையுமாக நின்றவர்கள், “எங்க பொண்ணே போற, ஒண்டியா?” என்று நிறுத்தியிருக்கிறார்கள். கஞ்சி ஊற்றிக் கொடுத்து, அடுத்த ஊர் வரை இரண்டு பெண்களைத் துணைக்கு அனுப்பியிருக்கிறார்கள். “அருவா வெச்சினு இருந்தாங்க அக்கா. ஆனா அவங்களாண்ட எனக்குப் பயமே இல்ல” என்றாள்.

எடை அறையில் தீனதயாளன் அவளிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதை முழுவதும் சொல்லிவிட்டாள். அதை நான் இத்தாளில் எழுதப் போவதில்லை. இம்மாதம் 23ஆம் நாள் சென்னையில் நம் குழு கூடுகிறது. அங்கே அவளே சொல்வாள். நான் அவள் பக்கத்து நாற்காலியில் இருப்பேன்.

ஆனால் குழுவில் மற்ற இருவரும் தீனதயாளனோடு பழகியவர்கள். சாட்சி எங்கே என்பார்கள். மலைப் பெண், களி தேடி ஓடிவந்தவள் என்று சிரிப்பார்கள். சென்ற வாரம் கூட்டமைப்பிலிருந்து என்று சொல்லி ஒருவர் மலைக்கே போய், “பொண்ணு பேரு கெட்டுப் பூடும், பாத்துக்கய்யா” என்று வேடியப்பனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். வேடியப்பன் என்னைத் திட்டவில்லை. “கிட்ட ஆளு நிக்கும்னியேம்மா” என்று மட்டும் கேட்டார்.

எலவனாசூர்கோட்டைக்கும் போனேன். ஆயம்மாளை அனுப்ப வேண்டாம் என்று அவள் தகப்பனார் அம்மாசியிடம் மன்றாடினேன். “நிர்மலா நம்ம ஊரு பொண்ணு, அது கிட்ட நிக்கசொல்ல இன்னா பயம்?” என்றார் அவர். வருகிற 25ஆம் நாள் அவளுக்குப் பயணம். பதினாறு வயது. புதுப் பை வாங்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு எடுத்துக் காட்டினாள்.

ஒரே ஒரு செய்தி மீதம் இருக்கிறது. பாப்பாத்தியின் வாய்மொழியாகவே தருகிறேன்.

“கடைசி நாளு நான் கூப்பிட்டேன் அக்கா. நிம்மியக்கா நிம்மியக்கான்னு கூப்பிட்டேன். கதவுக்கு அடியில அவங்க செவப்புச் செருப்பு தெரிஞ்சிது. நான் கூப்பிட்டதும் அது நவுந்துச்சி. தொறக்கத்தான் வராங்கன்னு நெனச்சேன். அப்பறம் காணம்.”

மூச்சு உடையும் இடத்தைக் காதால் அறிபவர் தாங்கள் என்று எழுதியிருந்தேன். ஒரு பலகைக் கதவுக்கு அப்பாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்கவில்லை என்று தாங்கள் சொன்னால், அதை நான் நம்ப மாட்டேன்.

ஆகவே கேட்டதா என்று வினவவில்லை. கேட்ட பின் எங்கே போனீர்கள்? யாரையாவது அழைத்துவரவா? அல்லது சும்மா நடந்து போய்விட்டீர்களா? எதுவாயினும் 23ஆம் நாள் வந்து சொல்ல வேண்டும். நடந்து போய்விட்டேன் என்று சொன்னாலும் போதும். அந்த ஒரு வாக்கியத்தால் ஆயம்மாளின் பயணம் நின்றுவிடும். வேலையை இழந்தால் என் வீட்டில் இடம் இருக்கிறது. அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டியதில்லை.

வராவிட்டால் குழுவின் முன் தங்கள் பெயரை நான் சொல்ல நேரும். தீனதயாளனின் பெயருக்கு அடுத்த பெயராகச் சொல்வேன்.

இக்கடிதத்தை அலுவலகத்துக்கு அனுப்பவில்லை. பெங்களூருக்கு வெல்லம் ஏற்றிப் போகும் லாரிக்காரரிடம், உன் கையில் மட்டுமே கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர் ஒரு நாள் அங்கே தங்கித்தான் திரும்புவார்.

நிர்மலா, சீக்கிரம் பதில் எழுது.

அம்சவள்ளி