மூன்று ஓலைக்கும் வாய் திறக்காத அப்பாவுக்கு

இன்று மாதா கோயில் பூசையில் யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாண ஓலை வாசித்தார்கள், அப்பா. "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும்" என்று சாமியார் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அக்காவுக்கு ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள். அப்போதே உங்கள் கை சொன்னபடி கேட்பதில்லை. சாக்பீஸ் துள்ளி விழும். நடை தள்ளாடும். "வாத்தியாரு காலையிலேயே ஊத்திட்டு வாராரு" என்று நாகல் நகர்க் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு சொட்டுத் தொட்டதில்லை நீங்கள். அந்த நாக்குகள் அழுகிப்போக! பிறகு மதுரை டாக்டர், "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல சார்" என்று பட்டென்று சொன்னீர்கள். பக்கத்தில் நின்ற நான் நம்பினேன்.

உங்களை அடக்கம் செய்த அன்று சாணார்பட்டி அத்தைதான் போட்டு உடைத்தார். "எங்கய்யாவும் இப்படித்தான் கைகால் ஆடி, கடைசியில ஆளு தெரியாமச் செத்தாரு. பொட்டப் புள்ளைக இருக்கு, வெளிய சொல்லாதன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

பட்டாணிச் செடியை வைத்து, நெட்டைக்கும் குட்டைக்கும் கட்டம் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பரம்பரைப் பாடம் நடத்திய மனிதர்! பெற்ற பிள்ளைகளிடம் மட்டும் ஏன் அப்பா ஊமையானீர்கள்?

முப்பத்தைந்து வயதில் அக்காவுக்குத் தோள் துள்ள ஆரம்பித்தது. ஒரே ஒரு மரபணுவில் உள்ள பிழை என்றார் டாக்டர். உங்களிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பாம். முன்பே தெரிந்திருந்தால் அவள் என்ன முடிவெடுத்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முடிவு அவளுடையது. அதை எடுத்துக்கொள்ள நீங்கள் யார்?

போன வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். "செத்த நேரம் வாய மூடிட்டு இருக்கக் கூடாதாடி?" என்று அம்மா அழுதாள்.

"அப்பா மூடுன வாய் பத்தாதாம்மா?" என்று கத்தினேன். என் ரத்தத்தை நான் இன்னும் சோதிக்கவில்லை. பயம்தான்.

நேற்று அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அவள் மகள் கேட்டாள். "சித்தி, எனக்கும் இது வருமா?"

அம்மா என் தோளை அழுத்தினாள். நான் அந்தக் கையை எடுத்துவிட்டேன்.

"வரலாம், வராமலும் போகலாம்டா. சோதிச்சுப் பாக்கணுமா வேணாமான்னு பெரியவளானதும் நீயே முடிவு பண்ணு. நான் கூட வாரேன்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். பிறகு கரண்டியை என்னிடமிருந்து வாங்கி, மிச்சக் கஞ்சியை அவளே அக்காவுக்கு ஊட்டினாள்.

இவ்வளவுதான் அப்பா. இதைச் சொல்லிவிட்டு எங்களோடு சேர்ந்து நீங்களும் அழுதிருக்கலாம்.