பிரித்த குருவிகள்

என்னங்க, வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? பாப்பா அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா?

ஸ்வெட்டர் கம்பெனியில் மிஞ்சும் துண்டு நூலில், பாப்பாவுக்கென்று குரோஷா ஊசியால் குருவிகள் பின்னி, ஹாஸ்டல் கட்டில் கம்பியில் தொங்கவிட்டிருந்தேன். சூப்பர்வைசர் அம்மா பார்த்துவிட்டார். "மிச்சம்னாலும் கம்பெனி நூல்தானே? பிரிச்சுக் குடுத்துடு" என்றார். ஒரு வருஷமாகப் பின்னியது, ஒரு டீ ஆறுவதற்குள் பிரிந்துவிட்டது. எனக்கே சிரிப்புதான். உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தேன், வாங்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

இந்த வருஷமும் லீவு இல்லையாம். பாப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அவளுக்குச் சின்னதாகிவிட்ட ஸ்வெட்டரை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இங்கே வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பினால், அதைப் பிரித்து மறுபடி குருவி பின்னுவேன்.

வேன் ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். ஸ்வெட்டரைத் துவைக்காமல் அனுப்புங்கள்.