என் அப்பாவிடம் நீ சொன்ன பொய்

தோழி,

இன்று மதியம் எங்கள் கல்லூரிக் கூடத்தில் மருந்துப் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவியின் கை தட்டி ஸ்பிரிட் பாட்டில் விழுந்து உடைந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னல்களைத் திறக்க ஓடினார்கள். நான் மட்டும் அந்த வாடையிலேயே நின்றேன். இதே கூடத்தில், இதே போன்ற பெட்டிகளுக்கு நடுவில், பஞ்சைப் பையில் திணித்துக்கொண்டு நீ சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது அப்படியே கண்ணில் வந்தது.

நர்சிங் கடைசி வருடம் அது. தான்சானியாவுக்கு மருத்துவ முகாம் போகும் மாணவர் குழுவில் நம் இருவர் பெயரும் வந்திருந்தன. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. நீ உடனே அந்த ஊர்ப் பாஷையில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றின் வாலிலும் நம் 'ங்க'வைக் கட்டிவிட்டாய். விடுதிச் சமையல்காரம்மாவுக்குக்கூடக் காலையில் "ஜாம்போங்க", சோறு போட்டதும் "அசாந்தேங்க". வணக்கமும் நன்றியுமாம். "மரியாதையாப் பேசுனா எந்த ஊர்லயும் அடிக்க மாட்டாங்கடி" என்பாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில் அப்பா ஒரே சொல்லில் மறுத்துவிட்டிருந்தார். எனக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருந்த நேரம். கடல் தாண்டிப் போய்வந்த பெண் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற பயம் அவருக்கு. அழுது முடித்து, என் பெயரை எடுத்துவிடச் சொல்வதென்று முடிவு செய்தேன். நீ விட்டாயா? அந்த ஞாயிற்றுக்கிழமையே சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்து நின்றாய்.

அம்மா செய்த அரிசிம்பருப்புச் சோற்றை மறுபடி மறுபடி வாங்கிச் சாப்பிட்டாய். பிறகு கை கழுவிக்கொண்டு, களத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனாய்.

"ஏனுங்கப்பா, இவள அனுப்ப மாட்டீங்களாமா?"

"இங்க நோவாளிகளே இல்லியா அம்மணி? அத்தன தூரம் போயித்தான் பாக்கோணுமா?"

"இருக்கறாங்கப்பா. திரும்பி வந்து அவங்களையும் பாப்போமுங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாய். "விசயம் வேறீங்க. அங்க சின்னக் குழந்தைக வெரல்ல ஊசி குத்தி ரத்தம் எடுக்கோணும். உங்க புள்ள குத்துனாக் குழந்தைக்குத் தெரியறதே இல்லீங்க, அப்படியொரு கை. நான் குத்துனா ஊரே கூடிப்போகும். இவ வரலீன்னா இவ பங்கையும் நானே குத்தோணும். பாவமுங்கப்பா அந்தக் குழந்தைக."

அப்பா தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பார்த்தார். என்னைப் பற்றி அவரிடம் ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நெசமாத்தான் சொல்றியா கண்ணு?"

"நெசந்தானுங்க."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "போயிட்டு வரட்டும். யாராச்சும் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். எனக்குக் காலே தரையில் பாவவில்லை.

அங்கே போன முதல் நாளே உன் பொய் பிடிபட்டுவிட்டது. மரத்தடியில் பெஞ்சு போட்டு நமக்கு ஆளுக்கொரு வரிசை. என் வரிசையில் முதல் பையனே அலறினான். உன் வரிசையில் ஒரு சிறுமி, நீ குத்தியதே தெரியாமல் உன் ஜடையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எங்கப்பாகிட்ட என்னடி சொன்னே?"

நீ நிமிரக்கூட இல்லை. "வந்து சேந்துட்டல்ல? ஊருக்குப் போறதுக்குள்ள அத நெசமாக்கிப்போடு."

ஆக்கினேன். கடைசி நாள் என் வரிசையில் ஒரு குழந்தையும் அழவில்லை. நீ எழுந்து நின்று கைதட்டினாய். எதற்கென்று தெரியாமலே வரிசைப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள். வண்டி கிளம்பும்போது அவர்கள் அத்தனை பேரும் "அசாந்தேங்க!" என்று கத்தினார்களே, உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே அப்போது!

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோன பிறகு முகாம் என்ற பேச்செடுத்தாலே விலகிப்போனேன். இந்த வருடம் கல்லூரியில் கேட்டபோது ஒப்புக்கொண்டேன். இப்போது அதே தான்சானியாவுக்குப் போகும் இந்தக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு ஆசிரியை.

குழுவில் சோமனூர்ப் பெண் ஒருத்தி. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள், வார்டுக்குள் போனால் நோயாளிகள் அவளைத்தான் தேடுவார்கள். அவளுடைய அம்மா அனுப்ப மறுத்துவிட்டார். போன வாரம் நேரில் போனேன். அம்மா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அனுபவம், சான்றிதழ், எதிர்காலம் என்று அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பார்த்தேன். அவர் அறுந்த நூலை முடிந்துகொண்டே இருந்தார். கிளம்பிவிடலாம் என்று தோன்றிய நேரத்தில், அப்பாவின் முன்னால் நின்ற உன் நினைவு வந்தது.

"அம்மா, உங்க புள்ள பக்கத்துல வந்து நின்னாலே நோயாளிக்குப் பயம் போயிருதுங்க. எங்கிட்டப் படிச்சவங்கள்ல இப்படியொரு புள்ளைய நான் பாத்ததில்லீங்க. நாளைக்கு என்னையவே மிஞ்சிப்போடுவா."

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, தோழி.

அவர் தறியை நிறுத்தினார். "மறுக்காச் சொல்லுங்க டீச்சர், சரியாக் கேக்கலீங்க."

மறுபடி சொன்னேன். கேட்டுக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அடுத்த நிமிடம் வாசலுக்குப் போய் எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏனுங்க்கா! எம் புள்ளைய ஆப்பிரிக்காவுக்கு வைத்தியம் பாக்கக் கூப்புடறாங்கோ!" தெருவில் தலைகள் எட்டிப் பார்த்தன. அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள்.

ஒருத்தியின் அருமையை அவளைப் பெற்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட வேண்டும் என்பது அந்த வயதிலேயே உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அது இப்போதுதான் வாய்த்திருக்கிறது. இனி அதை விடமாட்டேன்.

நாளை மறுநாள் புறப்படுகிறோம். எல்லார் வீட்டிலும் சரி சொல்லிவிட்டார்கள். தேர்வான பெண்களில் ஒருத்திகூட இந்த முறை நின்றுபோகவில்லை.