மல்லிகாவின் மூக்கு

வியாழன், இரவு.

கோழி எருவில் எரிவாயு எடுத்தபின் மிஞ்சும் கழிவுநீரைச் சுத்தம் செய்து கீரைத் தோட்டத்துக்கு விடுவது என் வேலை. கருவி சரியென்று காட்டினாலும் நாற்றம் போனால்தான் எனக்கு நம்பிக்கை வரும். என் மூக்கோ அந்த நாற்றத்திலேயே கிடந்து செத்துவிட்டது. அதனால் பாட்டிலில் பிடித்துவந்து மனைவி மல்லிகாவை முகரச் சொல்வேன்.

நேற்றுகூட, "அப்பால எடுத்துகினு போய்யா, கொமட்டுது" என்று கத்தினாள். இன்று, "ஒண்ணும் நாறல. தாராளமா வுடு" என்றாள். நான் துள்ளாத குறைதான்.

தினமும் நான் குளித்துவிட்டு வந்தால்தான் கிட்டே சேர்ப்பாள். இன்று வேலைச் சட்டையோடு உட்கார்ந்திருந்த என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"நான் நாறலயா?"

"நீயா? இல்லயே."

இப்போது தூங்குகிறாள். காலையில் பாட்டிலை எதிர்வீட்டு அக்காவிடம் நீட்டவேண்டும், மல்லிகாவுக்குத் தெரியாமல்.